காகிதப்பூத்திணை: ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு ஓர் அகப்பொருள் இலக்கணம்

அகத்திணை ஏழு என வகுத்த தொல்காப்பியர் எட்டாவது ஒன்றை விட்டுவிட்டார் என்று குறை கூறுதல் தகாது. ஐயெல்ட்ஸ் என்னும் ஆங்கிலத் தேர்வு 1989இல்தான் வந்தது. அதன் மூத்த வடிவமும் 1980க்கு முற்பட்டதன்று. ஆயினும் அத்தேர்வின் பேச்சுப் பகுதிக்கு நம் ஊர்களில் ஆயத்தம் செய்வோரின் உறக்கமின்மை, உணவு வெறுத்தல், தனிமொழி ஆகியவற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு, அவை அகப்பொருள் மரபிலிருந்து அணுவளவும் விலகாதவை என்பது புலப்படும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறுவத் தவறினால் பிழை சான்றுகளுடையது.

திணைக்குப் பூப்பெயர் இடுதல் மரபாதலின், இதற்குக் காகிதப்பூத்திணை எனப் பெயரிடுகிறோம். காகிதப்பூவின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத் தாங்கி உலகம் சுற்றி வந்து, நம் சுற்றுச்சுவர்களில் இங்கேயே பிறந்ததுபோல் படர்ந்து கிடக்கிறது. மேலும் அதில் நாம் இதழ் என்று மயங்குவது இதழன்று, நிறம் மாறிய இலை. உண்மைப் பூ நடுவே சிறிதாய் வெள்ளையாய் இருக்கும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

முதற்பொருளுள் நிலமாவது, மாடியும் மாடி சார்ந்த இடமும். கோவை காந்திபுரமாயினும் திருச்சி தில்லை நகராயினும் பயிற்சி மையம் தரைத்தளத்தில் அமைவது அரிது. கீழே பேக்கரி, பக்கவாட்டில் இருண்ட படிக்கட்டு, மேலே கண்ணாடிக் கதவில் பிக் பென் கடிகாரக் கோபுரத்தின் படம். பெரும்பொழுது ஆறன்று, மூன்று: சனவரி, மே, செப்டம்பர். அம்மாதங்களில் கேள்விகள் மாறும் என்பது பயிற்சியாளர் வழக்கு. அதற்கு முந்தைய வாரம் தேர்வு எழுதுவோர் பழைய கேள்விகளை மனப்பாடம் செய்தும், பிந்தைய வாரம் எழுதுவோர் முன்னவரைத் தேடியும் அலைவர். சிறுபொழுது யாமம். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு பொழுது ஏது?

கருப்பொருளை விரித்தால் ஏடு கொள்ளாது. பறை, கைப்பேசியின் நிறுத்தற்கடிகார ஒலி. உணவு, ஆறிப்போன டீ. பறவை, கிளி, அது குறிஞ்சிக்கு உரியதாயிற்றே எனின், திணை மயக்கம் என்க.

இனி உரிப்பொருளுக்குச் செல்லுமுன் களத்தைக் காண்போம். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதற்பகுதியில் உன் ஊர், உன் வேலை என்று நாலைந்து நிமிட விசாரணை. இரண்டாவதில் கையில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். அதுவே கியூ கார்டு. ஒரு பென்சிலும் தாளும் தந்து குறிப்பெடுக்க ஒரு நிமிடம். பின் இரண்டு நிமிடம் வரை இடைவிடாது பேச வேண்டும். மூன்றாவது பகுதி அதே பொருளை ஒட்டிய விவாதம். இவ்வளவும் ஒலிப்பதிவாகும். தேர்வாளர் தலையசைக்கலாம், ‘நன்றாகச் சொன்னாய்’ என்று சொல்லலாகாது. இரண்டு நிமிடம் ஆனதும் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். விருந்தாளி பேசி முடிக்கும்வரை காப்பித் தம்ளரைக்கூட எடுக்காத குடும்பத்தில் வளர்ந்தவர்க்கு இது பேரதிர்ச்சி. வெளியே வந்து, ‘பாதியில நிறுத்திட்டாங்கம்மா, போச்சு’ என்று அழுவார்கள். உண்மையில் நிறுத்தப்படுதல் நற்குறி. பேச்சு தீர்ந்து ஒரு நிமிடத்தில் தேர்வாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதே தீக்குறி.

முதற்பகுதி எளிது என்பர் அறியாதார். கண்ணாடி பார்ப்பது உங்களுக்குப் பிடிக்குமா, வானத்தைப் பார்ப்பதுண்டா, சாவியைத் தொலைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் அங்கே கேட்பார்கள். கண்ணாடி பற்றிய கேள்வி தமிழ் வீடுகளிலும் உண்டு, ஆனால் அது கேள்வியன்று. ‘எந்நேரமும் கண்ணாடியே கதியா?’ என்பதற்கு மூன்று வாக்கியங்களில், காரணமும் எடுத்துக்காட்டும் தந்து மறுமொழி சொன்னவர் எவரும் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டார். இருபது ஆண்டுகள் வாயை மூடு என்று வளர்த்துவிட்டு, ஒரு மாதப் பயிற்சியில் வாயைத் திற என்றால், திறப்பதற்கு வாய் ஆயத்தம்தான், உள்ளே சரக்கில்லை.

அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் கூறுதல் கூடாது. இங்கோ கடவுச்சீட்டைச் சரிபார்த்து முழுப்பெயரைக் கேட்கிறார்களே எனின், அது பதிவுக்கு மட்டுமே. அடுத்த நொடியே உங்களை எப்படி அழைக்கலாம் என்பார் தேர்வாளர். முத்துலட்சுமி லக்ஷ்மியாவாள். அந்த இடத்தில் அவள் பெயரை இழந்து கிளவித்தலைவி ஆகிறாள். அதன்பின் பேசுவது அவளன்று.

இதுவே இக்கட்டுரையின் துணிபு. அட்டைக்கு முன் பேசும் மாந்தர் யாவரும் ஒருவரே. நீங்கள் வியக்கும் மனிதர் யார்? அப்துல் கலாம். படித்த புத்தகம்? அவருடைய ‘அக்கினிச் சிறகுகள்’. போன இடம்? ஊட்டி. இந்நிலப்பரப்பில் பாட்டி எப்போதும் உயிருடனும் நகைச்சுவையுடனும் இருப்பாள். நண்பன் எப்போதும் இக்கட்டில் உதவுவான். மழை எப்போதும் திடீரென வரும். குறிஞ்சிக்கு அருவி எப்படியோ, காகிதப்பூவுக்கு ஊட்டி அப்படி. இவை பொய்யோ எனின், அன்று. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து வருவது புலனெறி என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். தேர்வாளரும் உண்மையை அளப்பதில்லை. சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கையே சம எடையில் அளக்கிறார். ஊட்டிக்கே போகாதவள் ஊட்டியைப் பற்றி நல்ல இறந்தகாலத்தில் பேசினால் பேண்ட் எனும் மதிப்பெண் 7 பெறுவாள். மூன்று முறை போனவள் ‘நல்லா இருந்துச்சு’ என்று சொல்லி நிறுத்தினால் 5 பெறுவாள். கபிலர் எந்தத் தலைவியின் தோழியாக இருந்தார் என்று எவரும் விசாரித்ததில்லை.

இங்கே உரையாசிரியர் மரபும் தொழிற்படுகிறது. எட்டிக் கிடக்கும் சொற்களைக் கொண்டுகூட்டித் தான் வேண்டும் பொருளைப் பெறுவதில் நச்சினார்க்கினியர்க்கு நிகரில்லை. அக்கலை இன்று பயிற்சி மையங்களில் உயிர்வாழ்கிறது. நூறு அட்டைக்கு நூறு கதை ஆகாது. ஆகவே ஒரே ஊட்டிப் பயணம். ‘நீண்ட பயணம்’ என்று அட்டை வந்தால் பேருந்தில் தொடங்கு. ‘வழி தவறிய அனுபவம்’ என்றால் குன்னூரில் இறங்கிவிடு. ‘உதவிய அந்நியர்’ எனில் வழி காட்டியவர். ‘காத்திருந்த நேரம்’ எனில் கொண்டை ஊசி வளைவில் நெரிசல். ‘மறக்க முடியாத உணவு’ எனில் வர்க்கி. இவ்வளவும் செய்து தேர்வறைக்குள் போகிறவளின் அட்டையில் ‘உங்களிடம் உள்ள பழுதான மின்சாதனம் ஒன்றைப் பற்றிச் சொல்க’ என்றிருக்கும். அவள் ஒரு நிமிடம் சிந்தித்து, கேமராவை ஊட்டிக்கு எடுத்துச் செல்வாள். நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் எழுந்து நின்று வணங்கியிருப்பார்.

மாந்தர் முறைமை வருமாறு. பயிற்சியாளர் செவிலி. பேச்சுக்கூட்டாளி தோழி, இருவரும் இரவு பத்து மணிக்கு ஒருவரையொருவர் அழைத்து, ஒருத்தி தேர்வாளராகவும் மற்றவள் தேர்வராகவும் மாறி மாறிப் பேசுவர். ஓர் ஆண்டாகப் பழகினும் தோழியின் உண்மையான பொழுதுபோக்கு என்னவென்று தலைவி அறியாள். நற்றாய் கதவுக்கு வெளியே நிற்கிறாள். மகள் உண்ணவில்லை. உறங்கவில்லை. நள்ளிரவில் கண்ணாடி முன் நின்று புரியாத மொழியில் யாருக்கோ மறுமொழி கூறுகிறாள், கையை அசைக்கிறாள், தானே சிரிக்கிறாள், பின் மணி ஒலித்ததும் ‘ஐயோ’ என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். சங்கத் தாய் இந்நிலையில் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்தினாள். இக்காலத்துத் தாய் வெள்ளிக்கிழமை அந்தியில் மகளை அழைத்துப்போய் மந்திரிக்கச் செய்கிறாள். நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்பது தலைவிக்கும் தோழிக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. மந்திரித்தவர் வேப்பிலையால் வீசும்போதும் தலைவியின் உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். அவள் அந்தச் சடங்கை ‘நீங்கள் பங்கேற்ற ஒரு பாரம்பரிய நிகழ்வு’ என்ற அட்டைக்கு மனத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அலர் தூற்றுதல் எதிர்வீட்டாரின் தொழில். ‘எத்தனை பேண்ட் வந்துச்சு?’ என்பதே அதன் வடிவம். பேண்ட் என்றால் கல்யாணத்தில் வாசிப்பது என்று நம்புகிறவரும் எண்ணைக் கேட்காமல் விடுவதில்லை.

அசைநிலை பற்றிச் சிறிது. பொருளின்றி நின்று ஓசையை நிறைக்கும் மோ, மதி போன்ற சொற்களை இலக்கணம் ஏற்றுக்கொண்டது. பேச்சுத் தமிழில் அதன் இடத்தை ‘வந்து’ பிடித்திருக்கிறது. எங்கும் வராமலே வந்து வந்து என்போம். பயிற்சியாளர் அதைப் பிடுங்கி எறிந்து, ‘தட்ஸ் அன் இன்ட்ரெஸ்டிங் கொஸ்டின்’ என்பதை நடுகிறார். உங்கள் பெயர் என்ன என்ற கேள்விக்கும் அது சுவையான கேள்வியே என்று விடையிறுத்தோர் உண்டு. மனப்பாடத்தை மோப்பம் பிடிக்கத் தேர்வாளர்க்குப் பயிற்சி உண்டு என்பதைக் கிளிகள் அறியா.

மனிதத் தேர்வாளரை அஞ்சுவோர் கணினியிடம் போவர். 2009இல் வந்த பி.டி.இ. தேர்வில் பத்துப் பதினைந்து பேர் தலையில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு ஒரே அறையில் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுவர். படத்தைப் பார்த்து 25 நொடியில் ஆயத்தமாகி 40 நொடியில் விவரிக்க வேண்டும். மூன்று நொடி மௌனமானால் ஒலிவாங்கி மூடிக்கொள்ளும். நாணமும் மடனும் தலைவிக்கு அணி என்ற மரபு இங்கே முற்றிலும் கைவிடப்பட்டது. பக்கத்து இருக்கைக்காரர் கத்துவதைக் கேட்டு, தன் வரைபடத்தில் இல்லாத நெல் உற்பத்தியைத் தானும் சொல்லிவிடுவதும் உண்டு.

செவிலியர்க்கான ஓ.இ.டி. தேர்வு இவற்றினும் நுட்பமானது. மூன்று நிமிடம் ஆயத்தம், பின் ஐந்து நிமிட அளவில் நாடகம், இவ்வாறு இருமுறை. எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். நோய் தவிர எல்லாம் அவருக்கு உண்டு. பத்தாண்டு வார்டில் நின்றவள், ‘ஒண்ணுமில்லம்மா, கண்ணை மூடிக்கோங்க’ என்ற மூன்று சொல்லில் ஊசியும் போட்டு அழுகையும் நிறுத்தியவள், இப்போது இல்லாத வலிக்கு, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது என்று முறையாக இரங்க வேண்டும். இரக்கம் உள்ளே இருந்தால் போதாது, ஒலிப்பதிவில் கேட்க வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. தேர்வுகளில் இதுவே கொடிது என்பது இவ்வாய்வாளர் கருத்து. உண்மையிலேயே ஆற்றுவித்தவளை ஆற்றுவிப்பதுபோல் நடிக்கச் சொல்வது, வேட்டுவனை வில் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டு எழுத்துத் தேர்வு வைப்பதாகும்.

இனி உரிப்பொருள். பாலைக்குப் பிரிவு உரியது. காகிதப்பூவுக்கோ பிரியப் பெறாமை. 6.5 பெற்று 7க்கு ஏங்கலே இதன் உணர்வு. பிரிட்டனின் செவிலியர் பதிவேட்டில் சேரப் பேச்சில் 7 வேண்டும். அரைப்புள்ளி தூரத்தில் கடல் தெரிகிறது, கால் நனையவில்லை. மடலேறுதல் இங்கே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுதல். பனைமடலினும் செலவு மிகுதி. மதிப்பெண் ஏறினால் பணம் திரும்பும் என்பது ஒரு நயம். ஓதற்பிரிவுக்கு மூன்றாண்டுக்கு மேல் ஆகாது என்றது தொல்காப்பியம். தேர்வுச் சான்றிதழ் இரண்டாண்டில் காலாவதியாகிறது. அக்கால அளவுக்குள் சேர்க்கை, விசா, வங்கிக்கடன் மூன்றும் கூடிவரப் பெறாதவர் மறுபடி படியேறி, மறுபடி ஊட்டிக்குப் போக வேண்டும்.

தொல்காப்பியம் ஒன்றில் மட்டும் திருத்தம் வேண்டுகிறது. பெண்ணுடன் கடற்பயணம் மரபில்லை என்கிறது அது. காகிதப்பூத்திணையில் கடல் கடப்பவளே தலைவி. தலைவன் அவள் பெயரைச் சார்ந்த விசாவில் பின்னர் வருவான். அதுவரை வீட்டில் இருந்து, மாலைப்பொழுது கண்டு வருந்தி, குழந்தைக்குச் சோறூட்டி, வீடியோ அழைப்பில் மெலிந்த தோளைக் காட்டுவான். பசலை இனி ஆண்பாற்கும் உரித்து.

7 பெற்றவள் லீட்ஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் முதல்நாள் பணியேற்கிறாள். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் பல்செட்டைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டு, யார்க்‌ஷயர் வழக்கில் ‘ஏ அப், லவ்’ என்று தொடங்கி, மூச்சுவிடாமல் ஒன்றரை நிமிடம் பேசுகிறார். கலாம் வரவில்லை. பாட்டி வரவில்லை. கேட்டதில் அவளுக்கு விளங்கியது தலையணை மட்டும். அவள் தலையணையை உயர்த்தி வைத்து, பயிற்சி மையத்தில் யாரும் சொல்லித்தராத தமிழ் ‘ம்’ ஒன்றைப் போட்டாள். கிழவர் தொடர்ந்து பேசினார். அதன் இலக்கணம் இங்கே ஆராயத்தக்கதன்று, புறத்திணையியலில் காண்க.