டயல் பூட்டு: பழந்தொலைபேசி ஆய்வில் விடுபட்ட ஓர் இயல்

பழந்தொலைபேசி சேகரிப்போர் உலகெங்கும் ஒரே வரிசையைத்தான் ஒப்பிக்கிறார்கள். 1876இல் கிரகாம் பெல்லின் காப்புரிமை, பிறகு சுவரில் மாட்டிய மரப்பெட்டி, பேசுவதற்கு ஒன்றும் கேட்பதற்கு ஒன்றுமாகப் பிரிந்திருந்த நெட்டைத் தண்டு மாடல், 1930களின் தொடக்கத்தில் நார்வே ஓவியர் யான் ஹெய்பர்க் எரிக்சன் நிறுவனத்துக்காக உருவாக்கிய கறுப்பு பேக்லைட் உடல், 1949இல் அமெரிக்காவில் ஹென்றி டிரைஃபஸ் தந்த 500 மாடல், 1963இல் பொத்தான். வரிசையில் பிழையில்லை. ஆனால் கருவி எப்படி இருந்தது என்று சொல்கிறதே ஒழிய, வீட்டில் அதை யார் தொடலாம் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் ஒரே தொல்பொருள் டயல் பூட்டு. எனவே தொலைபேசி வரலாற்றைப் பூட்டுக்கு முந்திய காலம், பூட்டுக் காலம், பூட்டுக்குப் பிந்திய காலம் எனப் பகுப்பதே முறை.

முந்திய காலத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் 1882இல் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். எண்ணை வாயால் சொன்னால் அங்கிருந்த ஆள் இணைத்துக் கொடுப்பார். டயலே இல்லாத கருவிக்குப் பூட்டு எதற்கு? டயலுக்கு வழிகோலியவர் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகப்பட்டு, ஆளே தேவைப்படாத எக்ஸ்சேஞ்சை அவர் கண்டுபிடித்தார் என்பது கதை. 1891இல் காப்புரிமை பெற்றார் என்பது வரலாறு. ஆக, பூட்டின் ஆதிமூலம் தேடிப் போனால் பிணப்பெட்டி வாசலில் போய் நிற்கிறோம்.

பூட்டுக் காலம் நம்முடையது. 1948இல் பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (ஐ.டி.ஐ.) தொடங்கிய பிறகு அங்கே தயாரான கருவிகள் நாடெங்கும் வீடுகளுக்கு வந்தன. வந்தன என்றால், மனுப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தபின் வந்தன. அப்படி வந்ததை முக்காலியில் ஏற்றி, பின்னல் துணி போர்த்தி, ஒன்றாம் எண் துளையில் பூட்டையும் மாட்டினார்கள். சுண்டுவிரல் நுனியளவு உருளை. அதற்குக் கொசுறு போல ஒரு சாவி.

ஏன் ஒன்றாம் துளை? டயலைச் சுழற்றி விட்டால், அது திரும்பி வரும்போது லைன் துண்டித்துத் துண்டித்து இணைகிறது. 1க்கு ஒரு துண்டிப்பு, 5க்கு ஐந்து, 0க்குப் பத்து. வேகம் நொடிக்குப் பத்து. ஒன்றாம் துளையில் உட்கார்ந்த பூட்டு, விரலை நிறுத்தும் கொக்கியில் உடனே முட்டிக்கொள்ளும். அதற்குமேல் டயல் நகராது. போலீஸ் எண் 100. அதில் இரண்டு பூஜ்யம். திருடன் புகுந்தால் முதலில் அப்பாவை எழுப்ப வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

சாவி இருந்த இடம் குறித்து இரு மரபுகள் உண்டு: அப்பாவின் சட்டைப்பை, பாட்டியின் இடுப்புச் சாவிக்கொத்து. பாட்டி மரபே கடுமையானது. “மாமா, ஒரு போன் பண்ணிக்கட்டுமா?” என்று பக்கத்து வீட்டுப் பையன் சில்லறையோடு வந்து நின்றால் அப்பா திறந்துவிடுவார், பாட்டி, யாருக்கு, எதுக்கு, எவ்வளவு நேரம் என்று மூன்றும் கேட்டபிறகே திறப்பார். வருகிற அழைப்பைப் பூட்டு தடுக்காது. அதனால்தான் அந்த எண்ணைத் தெருவே தன் முகவரிச் சீட்டில், பக்கத்து வீட்டு போன் என்று பொருள்பட, ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்டது.

பூட்டின் நோக்கம் சிக்கனம் என்பார் ஒரு சாரார். கான்பூர்–லக்னோ இடையே 1960இல் தொடங்கிய எஸ்.டி.டி. ஊர் ஊராகப் பரவியதும், ஆபரேட்டரைக் கேட்காமலே வெளியூர் பேச முடிந்தது; பில் பயந்தான் பூட்டாயிற்று என்பது அவர்கள் கட்சி. ஏற்பதற்கில்லை. அதே வீட்டில் பிரிட்ஜுக்கும் பூட்டு இருந்தது. பிரிட்ஜிலிருந்து யாரும் டெல்லிக்குப் பேசவில்லை.

பூட்டுக் காலத்தின் தலைசிறந்த அறிவியல் சாதனை, வீட்டுப் பையன்கள் கண்டது. ரிசீவர் படுக்கும் இடத்திலுள்ள குமிழைத் தட்டினாலும் லைன் துண்டித்து இணையும். துண்டித்தது டயலா விரலா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. அது எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும். 4க்கு நான்கு தட்டு, சிறு இடைவெளி, அடுத்த எண். தாளம் பிசகினால் யாரோ ஒரு வக்கீல் வீடு கிடைக்கும். மிருதங்கம் பயின்றவர்களுக்கு இது கைவந்தது என்பதற்குச் சான்றில்லை, ஆனாலும் நம்புகிறேன். காதலி வீட்டு எண்ணில் 9ம் 0வும் மிகுந்திருந்தால் காதல் தேய்ந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.

பொத்தான் வந்தது, துளை போயிற்று, பூட்டும் போயிற்று. பிந்திய காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளக்கும் பித்தளை டெலிபோனை விட்டுத் தள்ளுங்கள். பெரும்பாலும் அலங்காரத்துக்கென்று புதிதாகச் செய்தது. கறுப்பு டயல் கருவியை எடுத்து ஒன்றாம் துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் இருந்தால் அது குடும்பம் நடத்திய கருவி, தயங்காமல் வாங்கலாம். பூட்டும் கூடவே கிடைத்தால் விடாதீர்கள். சாவி மட்டும் கேட்காதீர்கள். அது பாட்டியோடு போயிருக்கும்.