வராத ஆட்டத்துக்கு வந்த கோபம்

பொறியியல் கல்லூரி விடுதிகளில் ஊரே துக்கம் கொண்டாடிய சேதி: ஜிடிஏ 6 வீடியோ கேம் மறுபடியும் தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்தது. ஆட்டம் 2025இல் என்றது அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார். அப்புறம் 2026 மே 26. அதுவும் போய் நவம்பர் 19. ஒவ்வொரு அறிவிப்புக்கும் வாட்ஸ்அப்பில் அழுகை ஸ்டிக்கர், மீம், ‘திட்டமிடத் தெரியாத கம்பெனி’ என்று நள்ளிரவு ஆய்வுரை. ஆய்வாளருக்கு நான்கு அரியர். ரெக்கார்டு நோட்டுக்கு இன்னும் அட்டையே போடவில்லை.

இத்தனைக்கும் ஆட்டம் அறிவிக்கப்பட்டது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். கம்ப்யூட்டருக்கு எப்போது என்று அப்போது மூச்சே விடவில்லை. நம்மவர்களிடம் இருப்பதோ அப்பா தவணையில் வாங்கித் தந்த லேப்டாப். 2013இல் வெளியான ஐந்தாம் பாகத்தைப் போட்டாலே அதன் ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது. பக்கத்து அறைக்காரன் எழுந்து வந்து சண்டை போடுகிறான். ஆனாலும் புது டிரெய்லரில் நாயகியின் தலைமுடி அசைவு திருப்தியில்லையாம்.

நவம்பர் செமஸ்டர் தேர்வு மாதம். தம்பிகளே, அந்தத் தேதியும் தள்ளிப்போக வேண்டிக்கொள்ளுங்கள்.