குண்டசாலையின் டயர் ஜோசியர்

குண்டசாலைச் சந்தியில் ஒரு கெப் வண்டி வந்து நின்றால், இறங்குவது யார் என்று எல்லாரும் பார்ப்பார்கள். இவர் மட்டும் குனிவார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சேற்றைத் துடைத்துவிட்டு டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளை வாசிப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தை ரப்பரில் ஊன்றி அழுத்துவார். நகம் பதிந்தால் முகம் மலரும். பதியாவிட்டால் எழுந்து, சாவு வீட்டு வாசலில் நிற்கிறவர்போல வண்டிக்காரரின் தோளைத் தொடுவார்.

"அண்ணே, குறை நெனைக்காதீங்க. இது கல்லாப் போச்சு."

வண்டிக்காரர் அவரை அதற்கு முன் பார்த்ததே இருக்காது.

தென்னகும்புரவில் மகாவலியைக் கடந்து திகனை வரைக்கும் போகிற வீதியில் இந்த ரகத்து ஆள் ஒருவராவது எதிர்ப்படாமல் இருப்பது கஷ்டம். வயது நாற்பதுக்கு முன்பின். ஹாட்வெயார் கடையோ மரக்கறி வியாபாரமோ பல்லேகலைக் கைத்தொழில் வலயத்தில் உத்தியோகமோ இருக்கும். வாசலில் ஒரு டபிள் கெப். திங்கள் முதல் சனி வரை அதில் சீமெந்து மூட்டை ஏறும், கோவா ஏறும், மாமியார் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை அது ரேஸ் வண்டி. வருஷத்தில் அது கலந்துகொள்ளும் போட்டி ஒன்றோ இரண்டோதான். ஓட்டம் சில நிமிடம். மிச்ச நாள் முழுக்க டயர் தெரிவு நடக்கும். அவருடைய கெப்பைச் சேர்த்துக்கொள்ளும் பிரிவு போட்டியில் இருக்கிறதா என்பது கடைசி வாரம் வரைக்கும் தெளிவாகாது. விதிமுறைப் புத்தகத்தில் அவர் வாசித்தது டயர் பற்றிய பக்கம் மட்டும்.

இந்த ரகம் பெருகியதில் அரசாங்கத்துக்கும் கொஞ்சம் பங்குண்டு. 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய கெப்பின் விலை காணி விலையோடு போட்டி போட்டது. வண்டியை மாற்ற வழியில்லாதவர், அதில் மாற்றக்கூடியது எது என்று தேடினார். அது நான்கு மூலையிலும் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. 2022-இன் எரிபொருள் வரிசைகள்தான் அவருடைய பல்கலைக்கழகம். மற்றவர்கள் வெயிலில் நின்று சபித்துக்கொண்டிருந்தபோது, அவர் வரிசையின் தலையிலிருந்து வால் வரை நடந்து எல்லா டயரையும் வாசித்து முடித்தார்.

அவருக்கு டயரின் பக்கச்சுவர் ஒரு ஜாதகம். 265/65ஆர்17 112எஸ் என்று எழுதியிருந்தால் பலன் சொல்ல ஆரம்பித்துவிடுவார். 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு. ஆர், ரேடியல். 17, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ சுமக்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும். பிறந்த நேரமும் உண்டு: டொட் என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. "புத்தம் புதுசு முதலாளி, இப்பதான் பெட்டி உடைச்சோம்" என்று கடைப்பையன் சொன்னால் அந்த நான்கு இலக்கத்தில் விரலை வைப்பார். ரப்பருக்குக் கடையில் இருந்தாலும் வயது ஏறும், இறுகும் என்பது அவருக்குத் தெரியும். கல்யாண நாளை மறந்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்பவர், பக்கத்து வீட்டு லொறியின் ஸ்பெயார் வீல் எந்த வாரத்தில் பிறந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

கல்யாணப் பொருத்தத்தில் ரஜ்ஜு தட்டினால் மற்றவை கூடி என்ன பயன் என்பார்கள். இவருக்கு அந்த 112 தான் ரஜ்ஜு. அழகான கார் டயர் ஒன்றைக் காட்டி, "இதப் போடுங்கண்ணே, சும்மா ஒட்டிக்கிட்டு ஓடும்" என்று யாராவது ஆசை காட்டினால், அதன் பார இலக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். திங்கட்கிழமை சீமெந்து மூட்டை ஏறவேண்டுமே.

துன்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வளைவில் பிடி வேண்டுமென்றால் இளகின ரப்பர் வேண்டும். இளகின ரப்பரில் வரும் டயர்கள் பெரும்பாலும் காரின் அளவில், குட்டையான பக்கச்சுவரோடு வருகின்றன. கெப்பின் அளவில் கடையில் நிற்பவை எச்டி, ஏடி, எம்டி என்று மூன்று இனம். முதலாவது தார் வீதிக்கு, இரண்டாவது எந்த நிலத்துக்கும், மூன்றாவது சேற்றுக்கு. "எம்டி எடுக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்று அவர் முதல் தடவை சொன்னபோது, மனைவி பெரிய டொக்டரிடம் இலக்கம் எடுப்பதாக நினைத்துப் பதறிப்போனார். கராஜ் பாஸ், காஸ் சிலிண்டர் காலியாகிவிட்டது என்று நினைத்தார். எம்டி வாங்கியும் பார்த்தாயிற்று. சேற்றில் ராஜா; தாரிலோ, உயர்ந்த ரப்பர்க் கட்டைகள் ஒவ்வொரு வளைவிலும் வளைந்து கொடுக்கின்றன. ஆடுகிற பல்லால் கரும்பு கடித்த கதை.

ஆகவே மகளின் சீஆர் கொப்பி ஒன்று பறிமுதலானது. கணக்குப் பாடத்துக்குப் பின்பக்கத்தில் அப்பாவின் கணக்கு. 265/65ஆர்17-இன் முழு உயரம் 776 மில்லிமீட்டர். ரிம்மை 18 அங்குலமாக்கி 255/55 போட்டால் 738. வண்டி 19 மில்லிமீட்டர் தாழும். தாழ்ந்தால் வளைவில் சரிவது குறையும். குட்டைப் பக்கச்சுவர் அவ்வளவாக நெளியாது. ஸ்டியரிங் சொன்னதைச் சக்கரம் உடனே கேட்கும். சக்கரம் சிறுத்ததால் அதே எஞ்ஜின் கொஞ்சம் முறுக்காக இழுக்கும். இன்னொரு லாபமும் உண்டு: வண்டி 57-இல் போகும்போது மீட்டர் 60 காட்டும். எஞ்ஜினைத் தொடாமலே மூன்று கிலோமீட்டர் கூடிவிட்டது என்று அவர் பாஸிடம் சொல்ல, பாஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ கேட்டார்.

பொருத்தம் பார்த்துக் கடல் கடந்து கொண்டுவருவது குண்டசாலைக்குப் புதிது இல்லை. 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கன் இங்கேதான் மாளிகை கட்டி இருந்தான். ஜனங்கள் அவனுக்கு வைத்த பெயரிலேயே குண்டசாலை இருந்தது. அவனுக்குப் பெண் வந்தது மதுரையிலிருந்து. அவனுக்குப் பிறகு பட்டமும் மைத்துனர் வழியே நாயக்கருக்குப் போனது. அரசனுக்கு மதுரைப் பெண் என்றால் தனக்கு மெட்ராஸ் டயர் என்பது நம்மவர் வாதம். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் ஊதத் தொடங்கிய ஒரு கொட்டகைதான் மெட்ராஸ் ரப்பர் ஃபெக்டரி ஆகி, எம்ஆர்எஃப் என்ற மூன்றெழுத்தாகிப் பந்தயத் திடல் வரை போனது என்று விரிவாகச் சொல்லுவார். தேசபக்தி வரும் நாட்களில் பேச்சு திரும்பிவிடும். "ரப்பர் எங்கட சாமான், தம்பி. 1876-லேயே கம்பஹாவில ஹெனரத்கொட தோட்டத்தில நட்டது. கியூவிலருந்து கப்பல்ல வந்த கன்னு." கேட்டுக்கொண்டிருந்த தம்பி சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவன்.

அமெரிக்காவில் இதே நோய் முற்றிய அமெச்சூர்கள் நிறைய உண்டு என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். அங்கே டயரில் தேய்மான இலக்கம் ஒன்று அடித்திருக்கும். ஒப்பீட்டு டயருக்கு 100. 200 என்றால் அதைப்போல இரண்டு பங்கு தாங்கும் என்று கணக்கு. இலக்கம் குறையக் குறைய ரப்பர் இளகினது, பிடி கூடினது, ஆயுள் குறைந்தது. வீதி வண்டியாகவே போட்டிக்கு வருகிறவர்கள் 200-க்குக் கீழே போகக்கூடாது என்று எஸ்சிசிஏ என்ற அவர்களுடைய சங்கம் கோடு போட்டிருக்கிறது. ஆனால் லைட் ட்ரக் ரகத்து டயருக்கு இந்த இலக்கம் கட்டாயமில்லை. கெப் டயரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் காணாமல்தான் நம்மவர் கட்டைவிரல் நகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே இன்னொரு பழக்கமும் உண்டு. புது டயரை வாங்கியதும் மெஷினில் வைத்து மேல்பல்லைச் சீவி எடுத்துவிடுவார்கள். காய்ந்த தாரில் பல் குட்டையாக இருந்தால் நெளிவு குறையும், சூடேறிக் கரைவதும் குறையும். இதை ஒரு இராச்சாப்பாட்டின்போது அவர் ஆர்வமாக விளக்கினார்.

"என்னங்க, காசு குடுத்து வாங்கின புது டயரச் சீவி மொட்டையாக்குவாங்களா?"

"ஆமா."

"நம்ம கோழிக்கூட்டுத் தகரத்து மேல ரெண்டு மொட்ட டயர் கெடக்கே. அதப் போட்டா ஆகாதா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வயதேறின மொட்டையும் இளமையில் சீவின மொட்டையும் ஒன்றில்லை. முதலாவது இறுகினது, மழையில் தண்ணீரைத் தள்ளப் பள்ளமும் இல்லாதது. பதில் சரிதான். ஆனால் அவருடைய தலையிலும் அப்போது முடி அவ்வளவாக இல்லாததால், விளக்கத்தைத் தொடரவில்லை.

அவருக்கு ஒரு புராணம் உண்டு. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். ஃபோர்முலா வண்ணில் இருபது கார்கள் வரிசைக்கு வந்தன. பதின்மூன்றாம் வளைவில் தங்கள் டயர் தாங்காது என்ற அச்சத்தில், மிஷெலின் போட்ட பதினான்கும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு மட்டும் ஓடின. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார்; ஃபோர்முலா வண்ணில் ஒரு இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். நம்மவர் கதையைச் சொல்லி முடித்துக் கொஞ்சம் நிறுத்துவார். "யார் ஓட்டினா? டயர் ஓட்டிச்சு." நரேன் ரசிகர்கள் இருக்கும் இடத்தில் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுவார்.

ஏப்ரல் நெருங்கினால் பேச்சு நுவரெலியாவுக்கு ஏறும். மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934-இல் தொடங்கியது. ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு ஏறவேண்டும். பக்கத்தில் முந்திக்கொண்டு போக யாருமில்லை, பழி போடவும் யாருமில்லை. அதனால் பழி டயருக்குப் போகும். பந்தய ரப்பர் சூடேறினால்தான் ஒட்டும். அந்தக் குளிரில் அந்தச் சின்ன ஏற்றத்தில் அது சூடேறுவதற்குள் முடிவுக்கோடு வந்துவிடும். குளிரிலேயே வேலை செய்யும் வீதி டயருக்கு அங்கே வாய்ப்பு உண்டு என்பது அவர் ஆராய்ச்சியின் மகுடம்.

காற்றின் கணக்குத்தான் அவரைத் தூங்கவிடாதது. குண்டசாலை ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில். நுவரெலியா 1,868 மீட்டரில். இங்கே பகலில் 32 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஏறினால், அங்கே விடியற்காலைக் குளிர் இரண்டுக்கு மேல் கழித்துவிடும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி கிட்டத்தட்ட அதே இரண்டைத் திருப்பிக் கூட்டிக் காட்டும். மூன்று இரவு கொப்பியில் போராடி அவர் கண்டுபிடித்த விடை: 32. பாஸிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஒண்ணும் செய்ய வேணாமே" என்றார் பாஸ். இல்லை, செய்யவேண்டாம் என்று தெரிந்துகொண்டு செய்யாமல் இருப்பது வேறு என்று அவர் திருத்தினார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் பேச்சு நின்றுவிடும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், ஒரு சிறுமியும். அந்தத் திடலின் மண்ணுக்கு எந்தப் பல் நல்லது என்று முன்பெல்லாம் மணிக்கணக்கில் பேசியவர். இப்போது யாராவது ஃபொக்ஸ் ஹில் என்றால் எழுந்துபோய்ப் பிளேன்டீக்குக் காசு கொடுக்கிறார்.

போட்டி நாளுக்கு முன்தினம் கெப்பின் பின்தட்டில் ரேஸுக்கென்று வைத்த நான்கு டயர்கள் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கும். ரம்பொடை வளைவுகளைப் பழைய டயரில் ஏறி, மேலே போய் மாற்றிக்கொள்வதாகத் திட்டம். வெறும் பின்தட்டோடு கெப் ஏறினால் பின்சக்கரம் வழுக்கும் என்பதால், அந்த நான்கு டயரின் பாரத்தில்தான் வண்டி வழியெல்லாம் ஒழுங்காகப் பிடித்துப் போகும். மேலே போய் அவற்றைப் பூட்டிவிட்டுப் பின்தட்டைக் காலியாக்கினால் வழுக்கல் திரும்பி வரும். இதைக் கவனித்த மச்சான் ஒருவர் சொல்லியும் பார்த்தார். குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை ஒரு மாதம் நின்றது.

முடிவு? போன வருஷத்தைவிட நேரம் கொஞ்சம் குறைந்தது. வென்றவர் என்ன டயர் போட்டிருந்தார் என்று விசாரித்தால், அவருக்கே தெரியவில்லை. வண்டி வாங்கும்போது இருந்ததாம். நம்மவரால் அதைத் தாங்க முடியவில்லை. திரும்பும் வழியில் லீக்ஸும் கரட்டும் ஏற்றி, ரேஸ் டயர்களை அவற்றுக்கு அடியில் போட்டு மூடிக்கொண்டு வந்தார்.

மே மாத மழையோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நுளம்பு பெருகும் இடங்களைத் தடுக்க 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் அவர் பக்கம். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர் நேரே பின்வளவுக்குப் போனார். அங்கே டயர்கள் கோபுரமாக: எச்டி, ஏடி, எம்டி, ரேஸ் சோடி இரண்டு, கோழிக்கூட்டின் மேல் மொட்டை இரண்டு. பரிசோதகர் குனிந்து, டோர்ச் அடித்து, ஒவ்வொரு டயரின் உள்வளையத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் குனிவையும் தடவலையும் இவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நுவரெலியாவில் வண்டியைப் பரிசோதித்த அதிகாரிகூட இவ்வளவு கரிசனையோடு பார்த்ததில்லை.

"தண்ணி இல்ல. தப்பிச்சீங்க" என்றார் பரிசோதகர்.

"தண்ணி நிக்காது சேர், தினமும் தொடைக்கிறேன். இந்தச் சோடியக் கொஞ்சம் நகத்தால அமத்திப் பாருங்க."

பரிசோதகர் அமத்தினார். நகம் பதிந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். "என்ட பின் டயர் ஒண்ணு மாத்த வேண்டிக் கெடக்கு. எது நல்லம்?"

மனைவி குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். இவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, சீஆர் கொப்பியை எடுத்துவர உள்ளே ஓடினார்.

"உக்காருங்க சேர். மொதல்ல சொல்லுங்க, மழையிலயா ஓடுறீங்க, வெயில்லயா?"