கார்ன்வால் பப்களின் திணை ஒழுக்கம்

1. ஆய்வுச் சிக்கல்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது கார்ன்வால். அங்கே எந்த இடத்தில் நின்று எந்தத் திசையில் நடந்தாலும் பெரும்பாலும் கடல் வரும். கடலுக்கு முன்னால் ஒரு பப் வரும். இந்தப் பப்களுள் தலைசிறந்தது எது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

இத்துறையில் முன்பு உழைத்தவர்கள் எல்லாரும் ஒரே ஆய்வு முறையைத்தான் கைக்கொண்டார்கள்: குடித்துப் பார்ப்பது. இதன் குறைபாடு வெளிப்படை. மூன்றாவது பப்பிலிருந்து ஆய்வாளரின் மனம் இளகத் தொடங்குகிறது. ஐந்தாவது பப்பில் எல்லாமே முதலிடம் பெறுகின்றன. ஆறாவதைப் பற்றிக் குறிப்பேட்டில் இருப்பதை அவராலேயே வாசிக்க முடிவதில்லை.

ஆகவே, நாவை நம்பாத ஓர் அளவுகோல் வேண்டும். கடற்கரையை ஆராயும் கருவி நம் கையில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, முன்னதைவிடப் பின்னது சிறந்தது என்று வரிசையும் வகுத்துக் கொடுத்துவிட்டுப் போனார் தொல்காப்பியர். அவர் பப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே எனின், விலக்கியும் வைக்கவில்லை என்க.

2. பழமை பற்றிய வாதங்களும் அவற்றின் தள்ளுபடியும்

திணைக்குள் நுழையுமுன் ஒரு தடையை நீக்க வேண்டும். கார்ன்வாலில் பப் நடத்துபவரிடம் சிறப்பு என்னவென்று கேட்டால் ஆண்டைச் சொல்வார். பென்சான்ஸ் ஊரின் டர்க்ஸ் ஹெட் 1233 என்கிறது. ஸென்னர் கிராமத்தின் டின்னர்ஸ் ஆர்ம்ஸ் 1271. செயின்ட் ஐவ்ஸ் துறைமுகத்தை நோக்கி நிற்கும் ஸ்லூப் இன் 1312 என்ற எண்ணைச் சுமக்கிறது. ஆனால் முன்னால் ‘சுமார்’ என்று சேர்த்திருப்பதால் மூன்றில் இதுவே அறிஞர் மனப்பான்மை உடையது.

பழந்தமிழ் நூல்களின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிய வையாபுரிப் பிள்ளை இந்தச் சான்றுகளை ஆராய்ந்திருந்தால், ஒவ்வொன்றின் வயதிலிருந்தும் தயங்காமல் நானூறு ஆண்டைக் கழித்திருப்பார். அப்போதும் அவை பழையனவாகவே இருந்திருக்கும். தவிர, டின்னர்ஸ் ஆர்ம்ஸின் கணக்குக்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பக்கத்திலுள்ள செயின்ட் செனாரா தேவாலயத்தைக் கட்ட வந்த கொத்தனார்கள் தங்குவதற்காக எழுந்த கட்டடம் அது என்பார்கள். அதாவது கோயில் கட்டுமுன் கொத்தனாருக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். இது உலகப் பொதுவான கட்டுமான நடைமுறை ஆதலால் நம்பத் தகுந்தது. எனினும் பழமை வேறு, சிறப்பு வேறு. இவ்வாதம் தள்ளுபடி செய்யப்படுகிறது.

3. முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நிலத்தைப் பற்றி விவாதமே இல்லை. கடலும் கடல் சார்ந்த இடமும்தான், அதாவது நெய்தல். நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியவை என்பது விதி. கார்ன்வாலில் ஆறும் ஒரே நாளில் வந்துபோவதால், ஆய்வாளர் ஓராண்டு தங்க வேண்டிய செலவு மிச்சம்.

சிறுபொழுதில்தான் சிக்கல். நெய்தலுக்கு உரியது எற்பாடு. பிற்பகல் 2 மணி முதல் மாலை 6 மணி வரை என்று பள்ளிப் பாடநூலே சொல்கிறது. பிரிட்டிஷ் அரசோ முதல் உலகப் போரின்போது, வெடிமருந்துத் தொழிலாளர்கள் மதியம் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பாமல் போகிறார்கள் என்று அஞ்சி, 1915 முதல் பப்களைப் பிற்பகலில் மூட வைத்தது. எந்நேரம்? ஏறத்தாழ அதே எற்பாடு! போர் 1918-இல் முடிந்தது. ஞாயிறு நீங்கலான நாள்களில் பூட்டைத் திறக்கவே 1988-ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நெய்தல் நிலம் தன் சிறுபொழுதை இழந்து கிடந்ததைப் பற்றித் தமிழறிஞர் ஒருவரும் லண்டனுக்கு ஒரு கண்டனக் கடிதம் அனுப்பியதாகத் தெரியவில்லை.

4. கருப்பொருள்

இங்கே தரவுகள் குவிகின்றன. வசதிக்காகத் தனித்தனியே காண்போம்.

தெய்வம். நெய்தலின் தெய்வம் வருணன். அவர் கார்ன்வாலில் விடுப்பே எடுப்பதில்லை. 1999 ஆகஸ்ட் 11 அன்று முழுச் சூரிய கிரகணம் கார்ன்வாலின் மேல் விழுந்தது. அதைக் கொண்டாட, 1851-இல் வால்டர் ஹிக்ஸ் தொடங்கிய செயின்ட் ஆஸ்டல் பீர் ஆலை, ‘டேலைட் ராபரி’ என்ற பெயரில் ஒரு பீரை இறக்கியது. பட்டப்பகல் கொள்ளைக்குச் சூரியன் தயாராக இருந்தது. வருணன் மேகத்தைப் போர்த்திவிட்டார். திரண்டு வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கண்டது இருட்டிய மேகத்தைத்தான். பீர் மட்டும் நிலைத்தது. பிற்பாடு ‘ட்ரிப்யூட்’ எனப் பெயர் மாறி, அந்த ஆலையின் புகழ்பெற்ற பீராயிற்று.

நீர். உவர்நீர்க் கேணி என்பது இலக்கணம். ஹெல்ஸ்டன் ஊரின் புளூ ஆங்கர், தன் பீரைத் தன் சொந்தக் கிணற்று நீரில் காய்ச்சுவது. உவர்ப்பு இல்லாதது சிறு வழுவே. கேணி இருப்பதால் வழுவமைதி கொள்க. 15-ஆம் நூற்றாண்டில் துறவிகள் இளைப்பாறும் இல்லமாக இருந்த கூரை வேய்ந்த கட்டடம் இது. 1970-களின் தொடக்கத்தில், தாமே பீர் காய்ச்சி விற்கும் பப்கள் பிரிட்டன் முழுவதிலும் நான்குதான் மிஞ்சியிருந்தன. புளூ ஆங்கர் அவற்றில் ஒன்று. ‘ஸ்பிங்கோ’ என்பது அதன் பீர் வகைகளின் குடிப்பெயர். அவற்றுள் ‘மிடில்’ என்பது, முதல் உலகப் போரிலிருந்து ஊர் திரும்பிய ஹெல்ஸ்டன் வீரர்களை வரவேற்கக் காய்ச்சப்பட்டது. வழக்கமாக மே 8 அன்று ஊரே தெருவில் நடனமாடும் ஃப்ளோரா திருநாளில் இக்கிணற்றின் உழைப்பு தெரியும்.

விலங்கு. சுறா. பென்ரின் ஊரின் வெர்டன்ட் ஆலை விற்கும் ஒரு பீரின் பெயர் ‘ஈவன் ஷார்க்ஸ் நீட் வாட்டர்’. சுறாவுக்கும் தண்ணீர் வேண்டுமாம். இந்த ஆலையில் யாரோ தொல்காப்பியம் படித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவோர் வேண்டிக்கொண்டே இருக்கட்டும்.

பறவை. கடற்காகம். துறைமுகத் திண்ணையில் பேஸ்டி என்ற பணியாரத்தைக் கையில் பிடித்தபடி பீரைப் பருகுவோர், பீரை மட்டும் பருகி முடிப்பர்.

உணவு. மீன். தட்டில் இருப்பதை எல்லாரும் அறிவர். கோப்பைக்குள் இருப்பதைச் சிலரே அறிவர். பீப்பாயிலேயே நுரைத்து முதிரும் பீர், ஈஸ்ட்டினால் கலங்கியிருக்கும். அதைத் தெளியவைக்க மரபாகச் சேர்ப்பது மீன் வயிற்றுக் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை. பாம்பன் பக்கத்து மீனவர்கள் ‘நெட்டி’ என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்களே, அதே உறுப்பு. அது ஈஸ்ட்டைப் பிடித்து அடியில் படிய வைத்துவிடும். கடைசியில் 568 மில்லி கொண்ட ஒரு பைண்ட், 11 முதல் 13 டிகிரிக் குளிர்ச்சியில், கண்ணாடிபோல் தெளிந்து வருகிறது. ‘நான் பீர் மட்டும்தான், மீன் தொடமாட்டேன்’ என்னும் சைவ அன்பர்கள், நெட்டி சேர்க்காத பீர் எது என்று கேட்டு வாங்குவது நலம். இப்போது அதுவும் கிடைக்கிறது.

பூ. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப் கொடியின் பெண் பூ. ஆனால் அது பெரும்பாலும் கென்ட், ஹெரிஃபர்ட்ஷர் போன்ற உழவு நாடுகளில் விளைவது. எனவே மருதத்துப் பூ நெய்தலுக்கு வந்தது என்க.

5. திணைமயக்கமும் பிறழ்ச்சியும்

ஜமைக்கா இன் ஒரு கடினமான வழக்கு. 1750-இல் எழுந்த இந்தச் சத்திரம் போட்மின் மேட்டு நிலத்தில் நிற்கிறது, ஆகவே குறிஞ்சி. ஆனால் கரையில் இறங்கிய கள்ளச் சரக்கு வரி கட்டாமல் இவ்வழியே போனதாகச் சொல்லப்படுவது நெய்தல் தொழில். டாஃப்னி டு மோரியர் 1936-இல் இதே பெயரில் நாவல் எழுதிய பிறகு, கடத்தல்காரர்களைவிட வாசகர்களே அங்கு அதிகம் வருகிறார்கள். இது திணைமயக்கம், குற்றமன்று.

டூம் பார் வேறு வகை. 1994-இல் ராக் என்ற ஊரில் தொடங்கிய ஷார்ப்ஸ் ஆலையின் பீர் இது. கேமல் ஆற்று முகத்தில் 600-க்கும் மேற்பட்ட கலங்களைச் சிக்கவைத்த மணல்திட்டின் பெயரைத் தாங்கியது. 2011-இல் மோல்சன் கூர்ஸ் நிறுவனம் ஆலையை வாங்கியது. பீப்பாய்ச் சரக்கு ராக்கில் காய்ச்சப்பட, பாட்டில் சரக்கு கடலே காணாத பர்ட்டனில் காய்ச்சப்பட்டது. மணல்திட்டின் பெயரை உள்நாட்டில் ஒட்டுவது திணைப் பிறழ்ச்சி. ஆராய்ச்சியாளர் பீப்பாயையே கேட்டுப் பெறுக.

இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு. அந்த மணல்திட்டு, பேட்ஸ்டோ ஊர் ஆணொருவனால் சுடப்பட்ட கடற்கன்னியின் சாபம் என்பது கதை. ஸென்னர் தேவாலயத்திலும் ஒரு கடற்கன்னியை மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவள் பாடகன் ஒருவனைக் கடலுக்கு அழைத்துப் போனவள். இரு கதைகளிலும் தலைவன் உண்டு, தலைவி உண்டு, தோழி இல்லை. தோழி ஒருத்தி இருந்திருந்தால், உரிய நேரத்தில் வரைவு கடாவி, இரண்டையும் கல்யாணத்தில் முடித்திருப்பாள். கார்ன்வாலுக்கு ஒரு மணல்திட்டுத் தொல்லை மிச்சமாகியிருக்கும்.

அகத்துக்குள் புறம் புகுந்த இடமும் ஸென்னர்தான். 1916-இல் டி. எச். லாரன்ஸ் மனைவியுடன் வந்து முதலில் தங்கியது டின்னர்ஸ் ஆர்ம்ஸில். மனைவி ஜெர்மானியர், காலமோ போர்க்காலம். நீர்மூழ்கிகளுக்குச் சைகை காட்டுகிறார்களோ என்ற சந்தேகத்தில், 1917 அக்டோபரில் இருவரையும் கார்ன்வாலைவிட்டே வெளியேற்றினார்கள்.

ரெஸ்ட்ராங்கெட் கழிமுகத்தின் பண்டோரா இன் என்ற பப்பும் இவ்வகையே. பவுண்டி கப்பலின் கலகக்காரர்களைப் பிடிக்கப் போன போர்க்கப்பலின் பெயர் அதற்கு. கப்பல் 1791-இல் ஆஸ்திரேலியப் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. பப் 2011-இல் கூரையில் தீப்பிடித்து எரிந்தது. மறு ஆண்டே திறந்துவிட்டார்கள். இன்றும் படகிலேயே வந்து துறையில் கட்டிவிட்டுக் குடிக்கப் போகலாம். கலம் போன பிறகும் துறை நிற்கும் என்பது இதனால் பெறப்படும்.

6. உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பப்பில் இரங்கல் உண்டோ எனின், உண்டு. அதற்கு மணியே வைத்திருக்கிறார்கள். முதல் மணி, கடைசியாக வாங்கிக்கொள்ளச் சொல்வது. இரண்டாவது மணி, இனி இல்லை என்பது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் கையிலுள்ளதைக் குடித்து முடிக்க 20 நிமிடம் கொடுத்தது. உலகில் இரங்கலுக்குச் சட்டப்படி கால அளவு விதித்த நாடு அதுதான் போலும்.

இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை சிரித்தபடியே முடிந்திருக்கும். ஆனால் மௌசல் என்று ஊரார் சொல்லும் சிறு மீன்பிடித் துறையில் ஷிப் இன் இருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் புயலால் படகுகள் கரையிலேயே முடங்கி, ஊர் பசித்திருக்க, டாம் பாகாக் என்பவர் தனியே கடலுக்குப் போய் ஏழு வகை மீனோடு திரும்பினார் என்பது இங்குள்ள மரபு. டிசம்பர் 23 அவர் நாள். மாவுக்கு மேலே மீன்தலைகள் வானம் பார்த்து நிற்கும் ஸ்டார்கேஸி பை, அன்று அந்தப் பப்பில் பரிமாறப்படும்.

1981 டிசம்பர் 19 இரவு, யூனியன் ஸ்டார் என்ற கப்பல் கடும் புயலில் இயந்திரம் நின்று கரையை நோக்கி அடித்துவரப்பட்டது. அதிலிருந்தவர்களை மீட்க, சாலமன் பிரவுன் என்ற உயிர்காப்புப் படகில் மௌசலின் தன்னார்வலர்கள் எட்டுப் பேர் போனார்கள். எட்டுப் பேரும் திரும்பவில்லை. கப்பலில் இருந்த எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. போனவர்களுள் ஒருவர் ஷிப் இன்னை நடத்தியவர். கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், ஆண்டுதோறும் டிசம்பர் 19 இரவு ஒரு மணி நேரம் விளக்குகளை அணைக்கிறார்கள்.

கடற்கரைப் பப் என்பது குடிக்கும் இடம் மட்டுமன்று. போனவர் வரும்வரை இருந்தவர் காத்திருந்த இடமும் அதுவே.

7. முடிவு

முதற்பொருளில், ஜமைக்கா இன் நீங்கலாக, எல்லாப் பப்களும் சமம். கருப்பொருளில், கேணியால் புளூ ஆங்கர் முந்துகிறது. பீரை மட்டும் பொருட்படுத்துவோர் அதோடு நின்றுவிடலாம், தவறில்லை. ஆனால் கருவினும் உரி சிறந்தது என்பது விதி. எனவே மௌசலின் ஷிப் இன்னே தலைசிறந்தது எனத் தீர்ப்பளிக்கப்படுகிறது. இம்முடிவை மறுக்க விரும்பும் புறத்தேர்வாளர்கள் தம் சொந்தச் செலவில் நேரில் சென்று மறுக்கலாம். அவ்வூர்ச் சந்துகள் குறுகியவை. காரை ஓட்டி வந்தவருக்குப் பீர் கொடுக்காமல், ஸ்டார்கேஸி பையில் பெரிய துண்டாகக் கொடுத்துவிடுங்கள்.