இராகு காலத்தில் கவலைப்படவும்

எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்து. மாத்திரை, டானிக் எல்லாம் அதற்குப் பிறகுதான். இது தெரிந்திருந்தும் அம்மா ஒரு நாள் குழாயடியில், “தம்பிக்குப் புது மருந்து ஒத்துக்கல, ராத்திரியெல்லாம் படபடங்குதாம்” என்று சொல்லிவிட்டார். அடுத்த நிமிஷம் எதிர்வீட்டுப் போர்மேன் அண்ணாச்சி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து எங்கள் வாசலில் நின்றார். கேட்ட முதல் கேள்வி: “வீட்டுக்குள்ள வச்சா கலக்குறீக?”

எட்டு வருஷமாக எதிரெதிர் வீடு. அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தோம்.

நான் இருப்பது சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல். வேலை, தேதி கிழிக்கும் காலண்டருக்குப் பிழைதிருத்துவது. திதி, நட்சத்திரம், இராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம், அடியில் ஒரு பொன்மொழி. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்து ஆல்பங்கள் வெளியாகிவிடும் என்பதால் எங்களுக்கு வருஷம் எப்போதும் முன்னாலேயே ஓடும். ஊர் சித்திரை வெயிலில் வேர்த்துக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த மார்கழியில் ஏகாதசி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதாவது, வராத நாளைப் பற்றி இன்றைக்கே கவலைப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். நாளடைவில் சம்பளம் இல்லாத நேரத்திலும் அதையே செய்யத் தொடங்கினேன்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை, கல்யாணமே இல்லை. பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டுகிறது என்று யாரிடமும் விளக்க வேண்டாம், பஸ்ஸே இல்லை. ஒட்டுமொத்த தேசமும் கைகழுவிக்கொண்டு கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது. நான் பல வருஷமாகச் செய்துவருவது அது. முன்னோடி என்று ஒரு சால்வை போட்டிருக்கலாம்.

பிறகு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். எல்லோரும் வெளியே போனார்கள். நான் அடங்கியே இருந்தேன். அச்சகத்திலிருந்து பக்கங்கள் வாட்ஸப்பில் வந்தன, திருத்தம் வாட்ஸப்பில் போனது. மளிகை அம்மா பொறுப்பு. வாசலைத் தாண்டலாம் என்று நினைத்தாலே நெஞ்சு சரவெடி மாதிரி படபடக்கும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது, இது பதற்றம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே போய் நாலு பேரைப் பாருங்கள் என்றும் சொன்னார். வெளியே போக முடிந்தால் நான் எதற்கு அவரிடம் போகிறேன்?

எங்கள் வாசலிலிருந்து தெருமுக்கு டீக்கடைக்கு எண்பது அடி இருக்கும். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பூமி இது. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்துவிட்டு ஒருத்தன் டீக்கடைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொல்லி நான் அழாத குறையாக நொந்துகொண்டபோது அண்ணாச்சி ஒரே ஒரு திருத்தம் போட்டார். “அவுக ரெண்டு பேராத்தான தம்பி போனாக.”

உறவினர்களின் ஆலோசனைகளை விரித்தால் பக்கம் போதாது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னவர்கள் பாதி, கல்யாணம் பண்ணச் சொன்னவர்கள் மீதி. “தைரியமா இரு” என்பது மட்டும் பொது. தைரியம் என்ன மிக்சரா, கால் கிலோ கட்டிக் கொண்டுவர?

அண்ணாச்சி அப்படி எதுவும் சொல்லவில்லை. 36 வருஷம் பட்டாசு ஆபீஸில் இருந்தவர், பெரும்பகுதி மருந்துக் கலவை. (பட்டாசு, தீப்பெட்டி எது தயாரிக்கிற இடமானாலும் எங்களுக்கு ‘ஆபீஸ்’தான். வெளியூர்ச் சம்பந்தக்காரர்கள் இதை நம்பி மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவார்கள்.) 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு, பேரியத்துக்குத் தடை, வெடிக்க இரண்டு மணி நேரம் என்று தீர்ப்பு சொன்னதும், அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அப்போது வீட்டில் உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. “மொத வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. பெறகு காலையில எந்திரிச்சு எதுக்குக் குளிக்கணும்னு இருந்துச்சு” என்றார். நான் என் நோயைப் பற்றி நாற்பது பக்கம் இணையத்தில் படித்திருந்தேன். அதில் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

அவருக்கு மனநோய் பற்றி ஒன்றும் தெரியாது. மருந்து பற்றித் தெரியும். எனவே எனக்கும் அதையே சொன்னார். கலவையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். அன்றைக்குத் தேவையானதை மட்டும்தான் கலக்க வேண்டும். கலந்ததை மறுநாளைக்கு வைக்கவே கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் ஆகாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வழியில் சாமான் கிடக்கக் கூடாது. எதையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். உராய்வு ஒன்று போதும். “நீ என்னடான்னா பத்து வருஷத்துக்குச் சேத்து நடுச்சாமத்துல கலக்குற. அதுவும் ஒத்தையில. அதுவும் தாப்பாளப் போட்டுக்கிட்டு.”

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் இந்த விதிகள் யாரும் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவை அல்ல. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அண்ணாச்சியும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, உன் கலவைக்கு ஒரு நேரம் குறி” என்றார்.

நேரம் குறிப்பது என் தொழில். முதலில் குளிகையைத்தான் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினார்: “குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப வரும்டா! அதுல போயி கவலைப்படுவாகளா?” நியாயம்தான். குளிகையில் நகை வாங்கலாம், கவலை வாங்கக் கூடாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இராகு காலத்தில் தொடங்கிய காரியம் உருப்படாது என்று நூறு வருஷக் காலண்டர் சொல்கிறது. கவலை உருப்படாமல் போனால் யாருக்கு நஷ்டம்?

அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீ பைத்தியமில்ல தம்பி” என்றார். அந்த வருஷம் நான் வாங்கிய ஒரே நற்சான்றிதழ்.

அன்றிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் பிழைதிருத்தும் தாளின் ஓரத்தில் ஒரு வார்த்தை குறித்துக்கொண்டு, இராகு காலத்துக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஏட்டில் சொல்ல எளிது. திங்கள்கிழமை ஏழரைக்கே தொடங்குவதால் வெறும் வயிற்றில் கவலைப்பட வேண்டியிருந்தது. புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை. சாதமும் கவலையும் ஒரே நேரத்தில் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அம்மா எலுமிச்சை விளக்குப் போடத் துர்க்கை சந்நிதிக்குப் போய்விடுவார், வீடு அமைதியாக இருக்கும், கவலைக்கு உகந்த நாள். இருப்பதிலேயே நல்லது ஞாயிறு நாலரை முதல் ஆறு. நிதானமாக, திண்ணையில் உட்கார்ந்து, காராச்சேவு கொறித்துக்கொண்டு பதறலாம்.

அண்ணாச்சி எல்லா நாளும் வந்துவிடுவார். அவருக்கு அது வசதி. இராகு காலத்தில் ஊரில் யாரும் புதுக்காரியம் தொடங்குவதில்லை, அவரையும் யாரும் எங்கும் கூப்பிடுவதில்லை. நான் குறிப்புத் தாளை வாசிப்பேன். “மாரடைப்பு.” “போன வாரமும் அதான சொன்ன, அடுத்தது?” “2023 காலண்டர்ல அமாவாசை தப்பாப் போட்டுட்டேனோன்னு.” “போட்டியா?” “இல்ல.” “அடுத்தது?” நாற்பது நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிடும். மீதி ஐம்பது நிமிஷம் என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்போம். எனக்கு அந்த ஐம்பது நிமிஷத்துக்காகவே காலையில் குளிக்கத் தோன்றியது.

டீக்கடைக்கு இரண்டு மாதத்தில் போய்விட்டோம். அதில் பெரிய கதை இல்லை. கதை, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவில் இருக்கிறது. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்து, நொறுக்கிப் போட்டு, மேலே சால்னா ஊற்றுவார்கள். அதைச் சொல்லியே என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிட்டார் அண்ணாச்சி. ஆமத்தூர் வருவதற்குள் எனக்குக் கை வேர்த்து, காது அடைத்து, இதோ போகிறேன் என்று உறுதியாகிவிட்டது. “இறங்கணும்” என்றேன். மறுபேச்சில்லாமல் கண்டக்டரிடம் விசிலடிக்கச் சொல்லிவிட்டு என்னோடு இறங்கினார். விருதுநகருக்கு எடுத்த டிக்கெட் போனதே என்று முணுமுணுத்தேன். “இன்னைக்குக் கலந்த மருந்து ஆமத்தூர் வரைக்கும். அவ்வளவுதான்” என்று சொல்லி, அங்கேயே ஒரு கடையில் சாதாப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். சுமாராக இருந்தது. விருதுநகர்ப் பரோட்டாவைத் தொட எங்களுக்கு நாலு ஞாயிறு பிடித்தது. அதற்குள் ஆமத்தூர்க் கடைக்காரர் எங்களைக் கண்டதும் கல்லில் இரண்டைப் போட்டுவிடும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டார்.

மாத்திரையை நிறுத்திவிட்டேனா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. டாக்டர் சொன்னபடி சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். 2022 அக்டோபர் 10-ல் டெலி-மானஸ் என்று 14416 எண்ணை மத்திய அரசு தொடங்கியபோது, ஒரு நடுராத்திரி அதற்கும் கூப்பிட்டுப் பார்த்தேன். தமிழில்தான் பேசினார்கள். தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு, மனசுவிட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டார். எதிர்வீட்டுப் போர்மேன் என்றேன். என்ன உறவு என்றார். “இராகு காலம்” என்று வாய் தவறி வந்துவிட்டது. அதை விளக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் நான் பதறவில்லை என்பதை மறுநாள்தான் கவனித்தேன்.

அந்த வருஷத் தீபாவளி அக்டோபர் 24, திங்கள். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து அனுப்புகிற ஊரில், சத்தத்துக்கு நடுங்குகிறவன் கொண்டாட வேண்டிய நாள். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருந்தது. யார் என்ன விமர்சனம் செய்தாலும் எனக்கு அந்த உத்தரவு பிடிக்கும். பதற்றத்துக்கு அரசாங்கமே நேரம் போட்டுக் கொடுத்தது போல.

மாலை 6.55-க்கு அண்ணாச்சி வந்தார். கையில் பலகாரம் இல்லை, பஞ்சு இருந்தது. உள்ளே வந்து, நடு அறையில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார்.

“யாருட்டயும் சொல்லிராத தம்பி. எனக்கு வெடிச் சத்தம் ஆகாது.”

“36 வருஷமா?”

“செய்யுறவன் வெடிக்கணும்னு சட்டமா இருக்கு?”

மிச்சப் பஞ்சை எனக்குக் கொடுத்தார். தெருவில் லட்சுமி வெடி அதிர்ந்தது. அம்மா கதவைச் சாத்தப் போனார். இரண்டு பேரும் ஒரே குரலில், “தொறந்தே இருக்கட்டும்” என்றோம்.

எட்டரை ஆகியும் எங்கோ வெடித்துக்கொண்டிருந்தது. நேரம் தாண்டி வெடிக்கிறான் என்று அண்ணாச்சிக்குக் கோபம். அம்மா வைத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. “நாளைக்கு என்னமோ கிரகணம்னாகளே?”

பார்க்காமலே சொன்னேன். அந்தத் தாளைப் போன வருஷமே பார்த்து, ஓரத்தில் மூன்று கவலை குறித்து வைத்தவன் நான். “சூரிய கிரகணம். சாயந்தரம் அஞ்சேகால் வாக்குல பிடிக்கும். செவ்வாய்க்கிழமை, இராகு காலம் மூணுலருந்து நாலரை.”

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். “நடுவுல முக்கா மணி நேரம் இருக்கே. டீ குடிச்சுட்டு வந்துரலாம்.”