எல்லாம் முந்தைய ஓனர் செய்த வேலை

அமெரிக்காவில், வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில், சில ஆண்களுக்கு ஒரு கிரகச்சாரம் பிடிக்கும். யாரோ ஒருவர் வீட்டுப் பின்பக்கத்தில், தார்ப்பாய் போர்த்தி, சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்து நிற்கும் பழைய டிராவல் ட்ரெய்லர் ஒன்று அவர்கள் கண்ணில் படும். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. படுக்கை, அடுப்பு, சிங்க், கழிப்பறை எல்லாம் உள்ளே உண்டு. வண்டிக்கு வயது முப்பது, நாற்பது இருக்கும். விலை கொள்ளை மலிவு. “எல்லாம் நன்றாக இருக்கிறது. தண்ணீர்க் குழாயில்தான் ஒரு சின்ன ரிப்பேர்” என்பார் விற்கிறவர். சின்ன ரிப்பேர்தானே என்று நம் ஆள் பணத்தை எண்ணிக் கொடுத்து, வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். அன்றோடு அவருக்கு ஓய்வு முடிந்தது.

இண்டியானா, மிஷிகன், ஒஹாயோ பக்கம் இந்தப் பிரகிருதிகள் அதிகம் தட்டுப்படுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஓடும் ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை தயாராகும் இடம் இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரம். இந்த வண்டிகளுக்கென்று அங்கே ஒரு மியூசியமே இருக்கிறது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் கல்லாக உறைகிற பிரதேசமும் அதுதான். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். செப்புக் குழாய்க்கு அந்த ஒன்பது சதவீதத்துக்கு இடம் கொடுக்கும் மனசு கிடையாது, நீளவாக்கில் பிளந்துகொள்ளும். பிளந்தது பனிக்காலம் முழுக்க யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் ஐஸ் உருகித் தண்ணீரைத் திறந்துவிடும்போதுதான், படுக்கைக்கு அடியிலிருந்து ஓர் ஊற்று புறப்படும்.

அந்த ஊற்றைக் கண்டதும் நம் ஆள் முதலில் தேடுவது ஸ்பேனரை அல்ல, குற்றவாளியை. “இது முந்தைய ஓனர் செய்த வேலை” என்பார்.

முந்தைய ஓனரை அவர் நேரில் பார்த்துப் பேசியது அரை மணி நேரம் இருக்கும். ஆனால் வண்டிக்குள் புகுந்து ஒவ்வொரு பலகையாகக் கழற்றக் கழற்ற, அந்த மனிதருடைய குணநலன் முழுவதும் அவருக்குப் புலப்பட்டுவிடும். சிங்குக்குக் கீழே ஒரு மூட்டில் சிலிக்கோன் பசையை அப்பி வைத்திருந்தால், “சோம்பேறி.” குழாய் பிளந்த இடத்தில் தோட்டத்து ஹோஸில் ஒரு சாண் வெட்டிச் சொருகி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டிருந்தால், “கஞ்சன்.” திருகு மரையில் டெஃப்லான் டேப்பை எதிர்த் திசையில் சுற்றியிருந்தால் அவர் வாயிலிருந்து சொல்லே வராது, தலையை மட்டும் ஆட்டுவார். சில இடத்தில் ஒரு ரிப்பேரின் மேல் இன்னொரு ரிப்பேர் இருக்கும். அப்போது முந்தைய ஓனருக்கு முந்தைய ஓனரும் விசாரணைக்கு வருவார்.

இதில் ஒரு நியாயமும் உண்டு. வண்டி 1978-க்கும் 1995-க்கும் இடையில் செய்ததாக இருந்தால், உள்ளே சாம்பல் நிறத்தில் பாலிபியூட்டிலீன் குழாய் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். செப்பைவிட மலிவு, வளைத்தால் வளையும், வெட்டினால் வெட்டுப்படும் என்று அந்தக் காலத்தில் வீடு கட்டுகிறவர்களும் ட்ரெய்லர் செய்கிறவர்களும் அதைக் கொண்டாடினார்கள். ஊர்த் தண்ணீரில் கலக்கும் குளோரின், அந்தக் குழாயையும் அதன் பிளாஸ்டிக் மூட்டுகளையும் உள்ளிருந்தே அரித்துவிடும் என்பது பிற்பாடு தெரிந்தது. வீட்டுக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 1995-ல் சுமார் 95 கோடி டாலர் அளவுக்குச் சமரசம் ஆயிற்று. இந்த ஒரு விஷயத்தில் முந்தைய ஓனர் நிரபராதி. நம் ஆளுக்கும் அது தெரியும். ஆனாலும், “வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டாமா அந்த மனுஷன்?” என்பார். தான் வாங்கும்போது பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

வேலையில் இறங்கிவிட்டால் அவருடைய உருவம் பாதியாகிவிடும். சாப்பாட்டு மேஜையின் பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் டேங்க் இருக்கும், பம்பும் அங்கேதான். பெஞ்சுக்கு முன்னால், ஒரு பூனை தாராளமாகவும் ஒரு மனிதன் சிரமப்பட்டும் நுழையக்கூடிய ஒரு கதவு. தலை, தோள், கை எல்லாம் உள்ளே போய்விட, வெளியே கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் காலைப் பார்த்தே பேசிப் பழகிவிடுவார்கள். சம்மதம் என்றால் கட்டைவிரல் அசையும். உள்ளே ஒரு நட்டு உருண்டு கைக்கெட்டாத இடத்துக்குப் போய்விட்டால் இரண்டு பாதமும் ஒரு தரம் தரையில் தட்டும். அந்த நேரத்தில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

அடுத்தது அளவுப் பிரச்சினை. ஹார்டுவேர் கடையில் ‘அரை அங்குலம்’ என்று விற்கிற செப்புக் குழாயில் எந்த இடத்தில் அளந்தாலும் அரை அங்குலம் வராது. வெளிவிட்டம் 5/8 அங்குலம். உள்விட்டம் அதைவிடக் குறைவு. ‘3/8’ என்று விற்கிற செப்புக் குழாயின் வெளிவிட்டம்தான் கச்சிதமாக அரை அங்குலம். பழைய ட்ரெய்லர்களில் இது நிறைய உண்டு. நம் ஆள் ஸ்கேல் வைத்து அளந்து, அரை அங்குலம் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கடைக்குப் போய் அரை அங்குல மூட்டு வாங்கி வருவார். அது தொளதொளவென்று ஆடும். திரும்பப் போய் மாற்றுவார். மாற்றப் போன இடத்தில் வேறு இரண்டு சாமான் கண்ணில் பட்டு, அவற்றையும் வாங்கி வருவார். கல்லாவில் இருக்கும் பெண் இவரைப் பார்த்ததும், பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் படிவத்தைத் தானாகவே எடுத்து வைப்பாள்.

சாம்பல் குழாயைப் பிடுங்கிவிட்டு இப்போது எல்லோரும் போடுவது பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய். சூட்டுத் தண்ணீருக்குச் சிவப்பு, பச்சைத் தண்ணீருக்கு நீலம். தண்ணீர் உறைந்தாலும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும் நல்ல சுபாவம் அதற்கு உண்டு. மூட்டுகளுக்கு அந்தச் சுபாவம் கிடையாது. அதனால் மூட்டை எப்படிப் போடுவது என்பதில் ட்ரெய்லர்க்காரர்கள் வடகலை, தென்கலை போல இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். குழாய்மேல் செப்பு வளையத்தை மாட்டி, நீளக் கைப்பிடி உள்ள கிடுக்கியால் நெரிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. வெறுமனே உள்ளே அழுத்தினால் கவ்விக்கொள்ளும் பித்தளை மூட்டே போதும் என்பது மறு கட்சி. முதல் கட்சிக்காரரிடம் மூட்டு சில்லறைக் காசு, கருவிதான் விலை. நெரித்தது சரியா என்று பார்க்க ஓர் அளவுத் தகடும் வைத்திருப்பார். மறு கட்சிக்காரருக்குக் கருவி வேண்டாம். மூட்டுக்கு மூட்டு டாலரை எண்ணி வைப்பார். இரு தரப்பாரும் ஒரே முகாமில் வந்து இறங்கினால், ராத்திரி கணப்பு மூட்டிவிட்டு உட்கார்ந்து இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் கேட்டவரையில் ஒருவரும் கட்சி மாறியதில்லை.

எல்லாக் குழாயும் மாற்றியாயிற்று என்றால் பம்ப் பரீட்சை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுகிற கையடக்கமான பம்ப் அது. குழாயைத் திறந்தால் உள்ளே அழுத்தம் குறையும், பம்ப் ஓடும். மூடினால் அழுத்தம் ஏறி, 45 அல்லது 55 பவுண்டு வந்ததும் தானே நின்றுவிடும். நின்றது நின்றபடி இருந்தால் கசிவு இல்லை. யாரும் எந்தக் குழாயையும் தொடாதபோது அது டுர்ர்ரென்று இரண்டு விநாடி ஓடி நின்றால், எங்கோ ஒரு சொட்டு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த ‘டுர்ர்’தான் நம் ஆளின் உயிரை வாங்குகிற சத்தம். படுத்த பிறகு வரும். மனைவி அயர்ந்து தூங்குவாள். இவர் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு அடுத்த டுர்ருக்காகக் காத்திருப்பார். வரும். எழுந்து தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, ஒரு டிஷ்யூ பேப்பரைச் சின்னதாகக் கிழித்து, மூட்டு மூட்டாக ஒற்றி எடுப்பார். உலர்ந்திருக்கும். அடுத்தது, அதுவும் உலர்ந்திருக்கும். கடைசியாகக் கழிப்பறைக்குப் பின்னால், கையை முறுக்கி உள்ளே விட்டால் மட்டும் எட்டுகிற மூட்டில், காகித முனை நனைந்து சாம்பல் நிறமாகும். அப்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை என்று அந்த அம்மாளே சொல்லியிருக்கிறாள்.

“கண்டுபிடித்துவிட்டேன்!”

“சரி, விளக்கை அணை.”

“அவன் அந்த மூட்டை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறான்.”

“போன வாரம் நீதானே எல்லாவற்றையும் மாற்றினாய்?”

விளக்கு அணையும்.

அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம் என்று நினைத்துத்தான் அவள் இந்த வண்டிக்குச் சம்மதித்தாள். படித்தாள்; வீட்டு வாசலில், வண்டிக்குள், பெஞ்சிலிருந்து நீண்ட கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. டேங்கில் பாசி பிடிக்காமலிருக்க, பதினைந்து காலனுக்குக் கால் கப் பிளீச் கணக்கில் கலந்து நிரப்பி, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு வாசனை போகுமட்டும் அலச வேண்டும். வாசனை போய்விட்டதா என்பதைத் தீர்மானிப்பவர் அவர். காபி குடிப்பவள் அவள். நீச்சல்குளத்தில் போட்ட காபி எப்படி இருக்கும் என்று அவளிடம் விசாரித்துக்கொள்ளலாம். வீட்டுச் சமையலறைக் குழாய் வெகுகாலமாகச் சொட்டுகிறது. அதைச் சரிசெய்யச் சொன்னால், “அதற்குப் பிளம்பரைக் கூப்பிடு, எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?” என்பார். வீட்டுக் குழாயைப் போட்டது ஒரு சாதாரண ஒப்பந்தக்காரர். திட்டுவதற்கு அதில் முந்தைய ஓனர் கிடையாது.

மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே. முகாம் பருவம் அன்றுதான் தொடங்கும். செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே, அத்தோடு முடியும். நம் ஆளின் வண்டி பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் தயாராகும். ஒரு வழியாகக் கிளம்பி முகாமுக்குப் போய், வெள்ளை ஹோஸை முகாம் குழாயில் இணைத்துவிட்டு, நாற்காலியை விரித்து உட்காருவார். சற்று நேரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டும். பம்புக்குள்ளே தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் ஒரு குட்டி வால்வு உண்டு. அதில் மணல் துகள் ஒன்று மாட்டிக்கொண்டால் போதும். வெளித்தண்ணீர் பம்பின் வழியாகப் பின்னோக்கிப் போய், யாரும் நிரப்பாத டேங்கைத் தானே நிரப்பி வழியவிடும். நாற்பது காலன் என்றால் 150 கிலோ எடை. வண்டியே ஒரு பக்கம் இறங்கும். அக்கம்பக்கத்துக்காரர்கள் நாற்காலியோடும் ஆலோசனையோடும் வந்து சூழ்ந்துகொள்வார்கள்.

“பம்பைக் கழற்று” என்பார் ஒருவர்.

“கழற்றாதே” என்பார் இன்னொருவர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஊரில் கடை மூடியிருக்கும். நம் ஆள் யோசிப்பார். இரண்டு பக்கமும் பார்ப்பார். வண்டிக்குள் போய், ஒரு துண்டு ஹோஸை வெட்டி, இரண்டு கிளாம்பைப் போட்டு இறுக்கி, பம்புக்குத் தண்ணீர் திரும்பும் வழியை அடைத்து, அதன் மேல் சாம்பல் நிற டக்ட் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, பெஞ்சுக் கதவை மூடுவார். “தற்காலிகமாகத்தான். வீட்டுக்குப் போனதும் முறையாகப் பண்ணிவிடுவேன்.”

வீட்டுக்குப் போனதும் குளிர் வந்துவிடும். குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் வாட்டர் ஹீட்டருக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். அடைக்க மறந்தால் முதல் ஆறு காலன் ஹீட்டருக்கே நைவேத்தியம். மறப்பார். கடைக்குப் போய் இன்னும் நாலு கேன் வாங்கி வருவார். இதற்கு மட்டும் முந்தைய ஓனரைக் குறை சொல்ல முடியாதே என்று நீங்கள் நினைக்கலாம். அடைக்கும் வால்வில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எழுதி ஒட்டாமல் போனவர் யார்?

சில வருடங்கள் இப்படி ஓடும். பிறகு முழங்கால் மடங்க மறுக்கும். பெஞ்சுக்கு அடியில் நுழைய முடியாது. ஒரு நல்ல ஏப்ரல் மாதத்தில் வண்டியைக் கழுவித் துடைத்து, ‘விற்பனைக்கு’ என்று அட்டை மாட்டுவார். அறுபது வயதை நெருங்கும் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். “எல்லாம் நன்றாக இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் ஒரு சின்ன வேலை பாக்கி” என்பார் நம் ஆள், மனசாட்சியோடுதான். அடுத்த வாரம் இன்னொரு வாசலில், பெஞ்சுக் கதவைத் திறந்த ஒருவர், டேப் சுற்றிய அந்த ஹோஸ் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது?” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

இண்டியானா, மிஷிகன் பக்கம் வசிப்பவர்கள், பழைய ட்ரெய்லர் வாங்கும் எண்ணம் இருந்தால், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். டேங்கில் தண்ணீர் விட்டு, பம்பைப் போடச் சொல்லி, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, விற்கிறவரோடு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுங்கள். அதற்குள் பம்ப் குறுக்கே பேசினால் கசிவு இருக்கிறது. படுக்கைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழாய் தெரிந்தால், முழுவதும் மாற்றுகிற செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கெல்லாம் “அது முந்தைய ஓனர் செய்தது” என்று பதில் வந்தால், பேரம் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.