மிதியாமை: நடுத்தரக் குடும்பத்துத் தரைவிரிப்புகள் குறித்த ஓர் ஆய்வு

இந்த ஆய்வின் கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விரிப்பின் விலை ஏற ஏற, அதன்மேல் படும் கால்களின் எண்ணிக்கை குறையும். இதற்கு ‘மிதியாமை விதி’ என்று பெயர் சூட்டியிருக்கிறேன். மிதியாமைக்குத் தமிழில் முதன்முதலாக ரொக்க மதிப்புப் போட்டவர் ஔவையார். ஆனால் அவர் பேசியது மதிக்காதவர் வீட்டு முற்றத்தைப் பற்றி. ஹாலில் கிடக்கும் கம்பளம் அவர் ஆய்வெல்லைக்குள் வரவில்லை. அந்த இடத்திலிருந்து நான் தொடர்கிறேன்.

ஆய்வுக்களம், சென்னையில் மூன்றாவது மாடியில் உள்ள இரண்டு படுக்கையறை வீடு. தகவலாளிகள் மூவர்: என் மனைவி, என் அம்மா, யாரும் அழைக்காமலேயே ஆய்வுக்குழுவில் சேர்ந்துகொண்ட மச்சினர்.

இயல் ஒன்று: வகைப்பாடு

விரிப்புகளின் அடித்தட்டில் இருப்பது பழைய பனியன். உடுப்பாக ஒரு பிறவி, ஸ்கூட்டர் துடைக்கும் துணியாக ஒரு பிறவி முடித்து, மூன்றாம் பிறவியில் நான்காக மடிபட்டுக் குளியலறை வாசலுக்கு வந்து சேர்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். காலை ஆறிலிருந்து இரவு பத்துக்குள் 61 மிதி. விலை பூஜ்யம். விதியின் ஒரு முனை இங்கே உறுதியாகிறது.

அடுத்து வாசல் கால்மிதி. தேங்காய் நாரில் செய்து ‘வெல்கம்’ என்று எழுதியது. எழுத்து உள்ளே வருகிறவரைப் பார்த்திருக்க வேண்டுமா, வெளியே போகிறவரைப் பார்த்திருக்க வேண்டுமா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. வீடு பெருக்க வருகிற அம்மாள் தட்டிப் போடுகிற திசையே இறுதித் தீர்ப்பு.

பாய்க்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்துக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நாரை நூலாய்க் கிழித்து நெய்கிறார்கள் பத்தமடையில். நயமான பட்டுப்பாயைத் துணிபோல மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிடலாம். கல்யாணத்துக்கென்று பெண் மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து வாங்கும் வழக்கமும் உண்டு. அப்படி ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. அப்பா பெயரும் அம்மா பெயரும் இரண்டு ஓரங்களில். ஐம்பது வருஷத்தில் அது மிதிபட்டது முகூர்த்தத்தன்று ஒருமுறைதான். அதுவும் அப்பா கவனக்குறைவாக மிதித்தது என்பது அம்மாவின் வாக்குமூலம்.

ஜமக்காளத்துக்குத் தனி நூலே எழுதலாம். ஜமக்காளமா, ஜமுக்காளமா என்பதிலேயே முதல் அத்தியாயம் போய்விடும். காவிரியும் பவானியும் கூடுகிற பவானியில், முரட்டுப் பருத்தி நூலில், பட்டை பட்டையாய் நிறம் ஓட்டிக் குழித்தறியில் நெய்கிற விரிப்பு. 2005இல் புவிசார் குறியீடு வாங்கியது. சினிமாவில் ஆலமரம், சொம்பு, ஜமக்காளம் மூன்றும் சேர்ந்தால் அங்கே தீர்ப்பு சொல்லப்படும். வீட்டிலோ அது பெண் பார்க்க வருகிறவர்களுக்கு விரியும். நவராத்திரிப் பாட்டுக்கு விரியும். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கும் அதே ஜமக்காளம்தான், அதே பட்டைகள்தான். மற்ற நாளெல்லாம் பரண்.

ஜமக்காளம் இரவல் போகும் பண்டம் என்பதால் மூலையில் இனிஷியல் பின்னுவார்கள். எங்கள் தாத்தா சிவப்பு நூலில் பின்னி வைத்திருந்தார். தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய்த் திரும்பிய ஜமக்காளத்தின் மூலையில் வேறு ஒருவருடைய இனிஷியல் இருந்தது. இன்றும் அதைத்தான் விரிக்கிறோம். அவருடைய பேரன் வீட்டுப் பரணில் எங்கள் தாத்தா இருப்பார்.

கோலத்தை விரிப்பாகக் கொள்ளலாமா என்று தேர்வாளர் எவராவது கேட்கக்கூடும். கொள்ளலாம். நீ பாய்க்கு அடியில் நுழைந்தால் நான் கோலத்துக்கு அடியில் நுழைவேன் என்கிற சொலவடை, பாயையும் கோலத்தையும் ஒரே வரிசையில் வைத்துத் தடிமனை அளந்திருக்கிறது. கைப்பிடி மாவில் போட்டதையும் நாம் தாண்டித்தான் போகிறோம். விலைக்கும் மிதிக்கும் உள்ள உறவை இது கொஞ்சம் சிக்கலாக்குகிறது. ஆகவே அடுத்த இயலுக்குப் போகிறேன்.

இயல் இரண்டு: தேர்வு

காசிக்குப் போனால் பிடித்த காயோ பழமோ ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும். நான் பாகற்காயை விடப் பார்த்தேன். “பிடிச்சதை விடணும்டா” என்றார் அம்மா. கடைசியில் நாங்கள் விட்டுவிட்டு வந்தது பணம். பிடித்துக்கொண்டு வந்தது கம்பளம்.

காசியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கிறது பதோஹி. பக்கத்து மிர்சாபூரையும் சேர்த்து, இந்தியக் கம்பளத் தொழிலின் தலைமையிடம் என்று இந்த வட்டாரத்தைச் சொல்லலாம். கடைக்காரர் முதலில் டீ கொடுத்தார். பிறகு மணிக்கட்டை ஒரு சுண்டுச் சுண்டினார். எட்டடிக் கம்பளம் காற்றில் பிரிந்து எங்கள் காலடியில் வந்து படுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இருபது. வேண்டாம் என்று எழுந்து போக முடியாதபடி நாலு பக்கமும் கம்பளம்.

இங்கே மச்சினர் ஆய்வுமுறையைக் கையில் எடுத்தார். கம்பளத்தை வாங்குகிறவன் முதலில் முதுகைத்தான் பார்க்க வேண்டும் என்றார். அது சரிதான். கையால் முடிச்சுப் போட்டதென்றால் முன்பக்கத்துப் பூ பின்பக்கமும் அச்சாகத் தெரியும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் நுனியாகவே இருக்கும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ‘டஃப்டட்’ என்கிற மலிவு வகையில் நூலைத் துணிக்குள் குத்திச் செருகி, லேடெக்ஸ் பசை பூசி, முதுகை இன்னொரு துணியால் மூடிவிடுவார்கள். கொஞ்ச வருஷத்தில் பசை காய்ந்து மாவாக உதிரும். பார்க்கிறவர்கள் வீட்டில் கறையான் என்று நினைப்பார்கள்.

அடுத்தது அக்கினிப் பரீட்சை. மச்சினர் ஒரு சிட்டிகை உரோமத்தைப் பிய்த்துத் தீக்குச்சி கிழித்தார். கடைக்காரர் முகம் போன போக்கை இங்கே பதிவு செய்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. அசல் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வந்து, தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பிளாஸ்டிக் இழை உருகி மணியாய்த் திரளும். முடி நாற்றம் வந்தது. பிறகு என் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் கம்பளத்தில் அழுத்தித் தேய்த்தார். சாயம் ஏறவில்லை. கைக்குட்டைதான் போனது, அதிலிருந்த அழுக்கு என்னுடையது என்று பிறகு தெரிந்தது.

கடைசியாக ஸ்கேல். ஒரு அங்குலத்தில் நீளவாக்கில் பத்து, அகலவாக்கில் பத்து. ஆக, சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு. நாங்கள் பார்த்தது நாலுக்கு ஆறு அடி. மச்சினர் செல்போனில் பெருக்கினார். “மாப்ளே, 3,45,600 முடிச்சு! ஒரு ஆள் நாளைக்கு ஆறாயிரம் போட்டாலே ரெண்டு மாசம் ஆகும்.”

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “என்னங்க, இவ்ளோ முடிச்சு போட்டிருக்காங்களே, இதைப் போய் எப்படி மிதிக்கிறது?” என்றாள். மிதியாமை விதி பிறந்தது அந்தக் கணத்தில்தான். நான் அதை எழுதி மட்டுமே வைத்தேன்.

இயல் மூன்று: உலகச் சான்றுகள்

என் மனைவி தனியாள் இல்லை என்பதை இந்த இயல் நிறுவும்.

உலகில் கிடைத்திருக்கிற மிகப் பழைய முழு முடிச்சுக் கம்பளத்தை 1949இல் சைபீரியாவின் அல்தாய் மலையில், பஸிரிக் என்ற இடத்தில், செர்கேய் ருடென்கோ தோண்டி எடுத்தார். வயது ஏறத்தாழ 2,400 ஆண்டு. 183க்கு 200 செ.மீ. அளவில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சு. அது இருந்த இடம் ஒரு கல்லறை. திருடர்கள் வந்து மற்றதை அள்ளிக்கொண்டு கம்பளத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உறைந்தது. பனிக்கட்டிக்குள் யாரும் மிதிக்காமல் இரண்டாயிரத்து நானூறு வருஷம். இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயும் யாரும் மிதிக்கப்போவதில்லை.

இன்னொன்று அர்தபீல் கம்பளம். பாரசீகத்தில் 1539-40இல் நெய்தது. பத்தரை மீட்டர் நீளம், ஐந்தேகால் மீட்டருக்கும் அதிக அகலம். வில்லியம் மோரிஸின் பரிந்துரையில், 1893இல் 2,000 பவுண்டுக்கு, லண்டனில் இப்போது விக்டோரியா ஆல்பர்ட் என்று பெயர் பெற்றிருக்கும் அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள். அதை அங்கே தரையில்தான் விரித்திருக்கிறார்கள்; ஆனால் சுற்றிலும் கண்ணாடிப் பெட்டி. சாயம் வெளுக்காமல் இருக்க அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம்தான் அதன்மேல் முழு வெளிச்சம்.

இதை மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நாளிலிருந்து ஹால் ஜன்னல் திரை பகலெல்லாம் மூடிக் கிடந்தது.

இயல் நான்கு: பராமரிப்பு

புதுக் கம்பளிக் கம்பளம் முதல் சில மாதம் நாய்க்குட்டி மாதிரி முடி உதிர்க்கும். அது குறை இல்லை; வெட்டிய உரோமத்தில் தங்கிய தூள் வெளியே வருகிறது. வாக்குவம் கிளீனரை உரோமம் சாய்கிற திசையில் ஓட்டலாம். குஞ்சத்துப் பக்கம் போகக் கூடாது. போனால் அது குஞ்சத்தை இழுத்து விழுங்கிவிட்டு விக்கும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கவிழ்த்துப் போட்டுத் தடியால் அடிப்பதே பழைய முறை. கீழ்வீட்டுக்காரர் வடாம் காயவைத்திருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாம்பார்க் கறையைப் பற்றி மேலைநாட்டுக் கையேடுகள் மௌனம் சாதிக்கின்றன. தமிழ் ஆய்வாளன் பங்களிக்க வேண்டிய இடம் இதுவே. கொட்டியவுடன் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். வெள்ளைத் துணியால் ஒற்ற வேண்டும். தேய்த்தால் கறை உரோமத்தின் வேருக்குப் போய்விடும். எல்லாரும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். மஞ்சள்தூளுக்கு நிறம் தருகிற குர்குமின் காரம் பட்டால் சிவந்துவிடும். துணி சோப்பு காரம். ஆக, மஞ்சளாய் இருந்த கறையை சோப்பு போட்டுத் தேய்த்தால் குங்குமம் கொட்டியது போல ஆகும். என் மச்சினர் அதைச் செய்துகாட்டினார். ஆரத்தி சுற்றும்போது தண்ணீர் சிவப்பதும் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால்தானே என்று விளக்கமும் சொன்னார். என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் ஆரத்தி எடுக்கும் உத்தேசம் தெரியவில்லை.

கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரால் ஒற்றியபோது சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பியது. குர்குமின் வெயிலில் வெளுக்கும் என்பதால் மிச்சத்தைக் காலை வெயில் பார்த்துக்கொண்டது. நெடுநேரம் போட்டால் கறையோடு கம்பளமும் வெளுக்கும். பிளீச்சை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. அது கம்பளியையே கரைத்துவிடும்.

ஆனால் சாம்பார்ச் சம்பவத்துக்குப் பிறகு கம்பளம் ஹாலில் இருக்க அனுமதியில்லை. சுருட்டி, பழைய வேட்டியில் பொதிந்து, நாலு பாச்சை உருண்டை போட்டு லாஃப்டில் ஏற்றினோம். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

இயல் ஐந்து: விதியின் வீழ்ச்சி

இரண்டு வருஷம் கழித்து, மச்சினர் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக இறக்கினோம். பிரித்ததும் பூ நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று சொட்டை. மூடிய பெட்டியில் ஆவி நின்றால்தான் பாச்சை உருண்டை வேலை செய்யும். திறந்த லாஃப்டில் அது நமக்கு மட்டும் மணக்கும்.

கம்பளியைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. உரோமத்தில் உள்ள கெரட்டினைச் செரிக்கத் தெரிந்த அபூர்வ வயிறு அதற்கு. அதற்கு வேண்டியவை மூன்று: இருட்டு, அமைதி, யாரும் தொந்தரவு செய்யாமை. எந்தக் கம்பளத்தின்மேல் தினமும் ஆள் நடக்கிறதோ, எதைத் தட்டி உதறுகிறார்களோ, அங்கே அது குடித்தனம் வைப்பதில்லை. சோபாவுக்கு அடியில் போன பகுதியைத்தான் முதலில் பிடிக்கும்.

மிதித்துக் கெடுத்துவிடுவார்கள் என்று காப்பாற்றிய கம்பளம், மிதிக்காததாலேயே கெட்டது. இரண்டு வருஷ ஆய்வு அந்த மூன்று ஓட்டை வழியாகப் போனது. குளியலறை வாசலில் பனியன் அப்படியே இருந்தது. எண்ணத்தான் மனசு வரவில்லை.

பின்னிணைப்பு

கம்பளம் இப்போது மறுபடி ஹாலில். ஒரு சொட்டையின்மேல் டீப்பாய், ஒன்றின்மேல் பூந்தொட்டி. மூன்றாவது சொட்டையை மறைக்க விருந்தாளி வந்தால் மச்சினர் போய் உட்கார்ந்துகொள்வார்.

பூச்சி விஷயத்தை விளக்கிச் சொன்னதில் மனைவி மனம் மாறிவிட்டாள். தினமும் யாராவது அதன்மேல் நடந்தே தீர வேண்டும் என்று உத்தரவு. அம்மாவுக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். மாலை ஐந்தரைக்குக் கம்பளத்தின்மேல் எட்டுப் போட்டு நடக்கிறார். நடப்பதற்கு முன் மனைவி அதன்மேல் ஜமக்காளத்தை விரிக்கிறாள். ஜமக்காளம் அழுக்காகிவிடும் என்று அதன்மேல் ஒரு பழைய பெட்ஷீட்.

“நல்லா அழுத்தி மிதிங்க அத்தை” என்கிறாள். “கால் மட்டும் பட்டுடாம பாத்துக்குங்க.”